மூன்றாம் முறை கேட்டபோது

இரண்டு அலகுகளுக்கும் நடுவில் கூந்தல் நெரிபடுகிறது, கத்தரிக்கோல் ஒரே மூச்சில் மூடிக்கொள்ள மாட்டேன் என்கிறது, அத்தனை அடர்த்தி, ஈர வைக்கோலை அறுப்பது போல நறநறவென்று சத்தம், இன்னொரு தடவை அழுத்த வேண்டும், இன்னும் ஒரு தடவை, மணிக்கட்டு வலிக்கிறது, இடது கையில் நான் சுருட்டிப் பிடித்திருக்கும் முடியின் மறுமுனையில் ஒரு தலை இருக்கிறது, அது என் பக்கமாகப் பின்னுக்கு வளைந்திருக்கிறது, வெள்ளை பூசிய கழுத்தில் ஒரு நரம்பு துடிக்கிறது, அந்தத் தலை தோகிகோவுடையது, என் கணவருடைய இரண்டாவது மனைவி, பத்தொன்பது வயது, நிறைமாதக்காரி, அவளை நான் துறவியாக்கிக்கொண்டிருக்கிறேன். சிரிக்காமல் என்ன செய்வது, இப்போது இந்த மேற்கு மலைக் குடிலில் விடிகாலை மணி அடிக்கிறது, என் தலைமுடியும் தோள்மட்டத்தில் நின்றுபோய்க் கழுத்தைக் குத்துகிறது, கிழவிகள் ஆறு பேர் அமிதாப புத்தரின் பெயரைக் கொட்டாவிக்கு நடுவில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், நானும் வாயை அசைக்கிறேன், ஆனால் எதை நினைக்கத் தொடங்கினாலும் என் நினைப்பு போய்ச் சேருகிற இடம் அந்தக் கழுத்துதான்.

எங்கள் தலைநகரில் உயர்குடிப் பெண்ணுக்குக் கூந்தல்தான் உயிர், தரையைத் தொட்டுப் புரள வேண்டும், துறவு பூண்டால் அதைத் தோளோடு வெட்டிவிடுவார்கள், ஆசாரியர் சீலங்களை, அதாவது துறவியின் நோன்புகளை, ஒவ்வொன்றாகச் சொல்லி இதைக் காப்பாயா என்று மூன்று முறை கேட்பார், அவள் மூன்று முறையும் காப்பேன் என்று தன் வாயால் சொல்ல வேண்டும், அதன்பிறகு எந்த ஆணும் அவளை மனைவி என்று வைத்துக்கொள்ள முடியாது. பிரசவத்திலோ காய்ச்சலிலோ சாகக் கிடக்கிறவளுக்கும் அவசர அவசரமாக இதைச் செய்வார்கள், சீலம் வாங்காமல் செத்தால் அமிதாபரின் மேற்குலகத்துக்கு வழி தெரியாமல் இருட்டில் நடந்துகொண்டே இருக்க வேண்டும் என்று நாங்கள் எல்லோரும் நம்பினோம், நான் இன்றைக்கும் நம்புகிறேன், நம்பாமல் இருந்திருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். எனக்கு மணமாகிப் பன்னிரண்டு வருடம், குழந்தை இல்லை, மலைக்கோயில்களில் ஏழேழு நாள் வெறும் தரையில் படுத்துக் கனவுக்குக் காத்திருந்தேன், புனித சூத்திரங்களைப் படியெடுத்து எழுதி எழுதி விரல் காய்த்துப்போயிற்று, ஒரு சாண் உயரத்தில் சந்தனத்தில் ஒரு புத்தரைச் செதுக்கச் சொல்லி என் படுக்கைக்குப் பக்கத்து மாடத்தில் வைத்து, என் வயிறு திறக்க வேண்டும் என்று எங்கள் வீட்டு ஆசாரியரைக் கொண்டு மாதாமாதம் ஓதச் சொன்னேன். அந்த இலையுதிர் காலத்தில் ஏழு நாள் விரதம் முடித்து மலையிலிருந்து திரும்பி வந்தால் மாடம் காலியாக இருக்கிறது, புத்தர் இல்லை, எங்கே என்றால் பணிப்பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கிறார்கள், கடைசியில் ஒருத்தி சொன்னாள், ஐயா எடுத்துக்கொண்டு போனார்கள், தோகிகோ அம்மாளுக்கு மாதமாகிவிட்டதாம், சுகப்பிரசவத்துக்கு இந்தப் புத்தர் ராசியானவர் என்று ஆசாரியர் சொன்னாராம், ஆசாரியரும் அங்கேதான் ஓதுகிறாராம். என் கணவரை எடுத்துக்கொண்டபோது நான் அழுதேன், அவ்வளவுதான், எல்லா வீட்டிலும் நடப்பது, ஆனால் என் புத்தரையும் என் ஆசாரியரையும் என் வேண்டுதலையும் சேர்த்துத் தூக்கி அவள் வயிற்றுக்குக் கொடுத்தபோது எனக்குத் தலைக்குள் ஏதோ அறுந்தது, அதை வேறு விதமாகச் சொல்லத் தெரியவில்லை.

முதல் மனைவியின் மனம் கொதித்தால் தன் வீட்டுப் பெண்களை அனுப்பிப் புதியவளின் வீட்டை உடைக்கச் சொல்வது எங்கள் ஊரில் உள்ள வழக்கம், ஆண்கள் குறுக்கே வர மாட்டார்கள், பானை சட்டியை உடைப்பார்கள், திரைகளைக் கிழிப்பார்கள், ஊர் ஒரு வாரம் சிரிக்கும், பிறகு மறந்துவிடும், ஆனால் மனைவி தானே போக மாட்டாள், வீட்டில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருப்பாள். நான் போனேன். முற்பகல், நல்ல வெயில், மூன்று மாட்டு வண்டிகளில் என் பெண்கள் பன்னிரண்டு பேர், நடு வண்டியில் பணிப்பெண் உடையில் முகத்தை மூடிக்கொண்டு நான், மடியில் துணி கிழிக்க ஒரு கத்தரிக்கோல், வாசல் காவலர்கள் பெண்கள் சண்டை என்று ஒதுங்கி நிற்கிறார்கள், சமையற்கட்டிலிருந்து தொடங்குகிறோம், சோறு அவிக்கும் மண்பானைகள் ஒன்று, இரண்டு, ஐந்து, ஒவ்வொன்றும் உடையும்போது எனக்கு நெஞ்சுக்குள் குளிர்ந்தது, பொய் சொல்லக் கூடாது, குளிர்ந்தது, மூங்கில் தட்டிகளை இழுத்து அறுக்கிறார்கள், மைக்கல்லைத் தூக்கிப் பட்டுத்திரையில் எறிகிறார்கள், தோகிகோவின் செவிலி ஓமி என்பவள் கையை விரித்துக்கொண்டு ஓடி வருகிறாள், அவளை இரண்டு பேர் பிடித்துத் தள்ளிச் சாமான் அறைக்குள் போட்டுத் தாழ்ப்பாள் போடுகிறார்கள், அவள் உள்ளேயிருந்து கதவை இடிக்கிற சத்தம் கடைசி வரை கேட்டது, இப்போதும் மணிச் சத்தத்துக்கு அடியில் கேட்கிறது.

உள்ளறையில் அவள் தனியாக என் புத்தருக்கு எதிரில் உட்கார்ந்து சூத்திரம் எழுதிக்கொண்டிருந்தாள். ஓடவில்லை, கத்தவில்லை, வயிற்றைத் தாங்கிக்கொண்டு மெல்லத் திரும்பினாள், என் மூடிய முகத்தைப் பார்த்தாள், மூச்சை உள்ளே இழுத்தாள், பிறகு சொன்னாள், அக்கா, நீங்களா. எப்படித் தெரியும் என்று கேட்டேன். இந்த வாசனை, அவருடைய உடுப்பில் வரும் என்றாள். எங்களில் ஒவ்வொருத்தியும் அகிலும் கிராம்பும் தன் கைப்பாகத்தில் இடித்துக் கலந்து புகை போட்டுக்கொள்வாள், என் கலவை எனக்கு மட்டும்தான் தெரியும், அதை இவள் மாதக்கணக்கில் என் கணவர் மேல் முகர்ந்திருக்கிறாள், அதைக் கேட்டதும் எனக்கு வெறி வந்துவிட்டது, கூந்தலைக் கொத்தாகப் பிடித்து இழுத்தேன், அவள் மண்டியிட்டு விழுந்தாள், எழுதும் பலகை கவிழ்ந்தது, புத்தர் மாடத்திலிருந்து முகம் குப்புற விழுந்தார். என் புத்தர் வேண்டுமா உனக்கு, புத்தரோடேயே இரு, நானே உனக்குச் சீலம் கொடுக்கிறேன் என்று சொன்னேன், அலகைக் கூந்தலுக்குள் விட்டேன், ஆசாரியர் குரலை நையாண்டி செய்துகொண்டு இழுத்து இழுத்துக் கேட்டேன், உயிர்க்கொலை செய்யாதிருத்தல், இந்தச் சீலத்தைக் காப்பாயா. அவள் நடுங்கிக்கொண்டே காப்பேன் என்றாள். வெட்டினேன். காப்பாயா. காப்பேன் என்றாள், அழுதுகொண்டு. வெட்டினேன். மூன்றாம் முறை கேட்டபோது அவள் அழுகை நின்றுவிட்டது, கழுத்தைத் திருப்ப முடிந்த அளவு திருப்பி, விழுந்து கிடந்த புத்தரையும் பிறகு என்னையும் பார்த்து, நிதானமாக, யாரோ உண்மையாகவே கேட்டதைப் போல, காப்பேன், நீங்கள் காப்பீர்களா அக்கா என்றாள். முழங்காலால் அவள் முதுகில் ஓங்கி இடித்தேன். அவள் வயிறு தரையில் மோதியது. அந்தச் சத்தம் பெரிதாக ஒன்றும் இல்லை.

வீட்டுக்கு வந்து கைகழுவினேன், சாப்பிட்டேன் என்றுகூட நினைக்கிறேன், உள்ளாடைக்குள் மறைத்துக் கொண்டுவந்த அவள் கூந்தல், ஒரு ஆள் நீளம், அதைச் சுருட்டி வாசனைப்பெட்டியில் வைத்தேன், எதற்கு வைத்தேன், வேட்டைக்காரன் கொம்பை மாட்டி வைப்பதற்கு என்ன காரணமோ அதுதான். பிற்பகலில் செய்தி வந்தது, அவளுக்கு வலி கண்டுவிட்டது, குறித்த நாள் இன்னும் வரவில்லை, ரத்தம் போகிறது, ஆசாரியர் சீடர்களோடு போயிருக்கிறார். அதன்பிறகு நடந்தது எதையும் நான் பார்க்கவில்லை, ஆனால் கனவில் இத்தனை தடவை அங்கே நின்றிருக்கிறேன், பார்த்தேன் என்றே சொல்லலாம், எல்லாம் வெள்ளை, திரை வெள்ளை, விரிப்பு வெள்ளை, பெண்கள் எல்லோரும் வெள்ளை, நடுவில் ஒரே ஒரு சிவப்பு, வில் நாணைச் சுண்டிச் சுண்டிப் பேயை விரட்டுகிறார்கள், அரிசியை வாரி இறைக்கிறார்கள், பிள்ளைத்தாய் மேல் ஏறியிருக்கும் ஆவியைத் தன் மேல் வாங்குவதற்காகக் கூட்டிவந்த பெண் ஒருத்தியை ஆசாரியரின் சீடர் ஜெபமாலையால் விளாசுகிறார், யார் நீ, பெயரைச் சொல், பெயரைச் சொல், அவள் தலைவிரிகோலமாகத் தரையில் புரள்கிறாள், வாயில் நுரை. ஆவி பிடித்தவள் பொய் சொல்ல மாட்டாள், அவள் என் பெயரைச் சொல்லிவிடுவாள் என்று நான் என் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் எழுந்துபோய்த் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்தேன், அவள் கடைசியில் நாற்பது வருடத்துக்கு முன்னால் செத்த யாரோ ஒரு பிரபுவின் பெயரைச் சொன்னாளாம், அந்தப் பிரபுவுக்கு எல்லோரும் மன்னிப்புக் கேட்டார்களாம். ஆவிகளுக்குக்கூட என்னைத் தெரியவில்லை.

மறுநாள் நண்பகலில் குழந்தை பிறந்தது, பெண், தாய்க்கு மூச்சு இறங்கிக்கொண்டிருந்தது, சீலம் கொடுங்கள் என்று என் கணவர் கதறியிருக்கிறார், ஆசாரியர் கத்தரிக்கோலோடு திரையை விலக்கினால் கூந்தல் ஏற்கெனவே தோளோடு நிற்கிறது. ஓமி முந்திக்கொண்டாள், சுகப்பிரசவத்துக்காக அம்மாள் வேறொரு துறவியிடம் முன்னமே சீலம் வாங்கிவிட்டார்கள், நேர்த்திக்கடன், யாருக்கும் சொல்லவில்லை என்றாள், பாவம், வேறு என்ன சொல்வாள், அவள் வளர்த்த பெண்ணை எவளோ தலைமுடியைப் பிடித்து வெட்டினாள் என்பதை அத்தனை பேர் முன்னால் அவள் எப்படிச் சொல்வாள், மானம் போய்விடும் என்று நினைத்தாள். ஆசாரியர் அப்படியானால் நல்லது என்று கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு அமிதாபர் பெயரைச் சொல்லத் தொடங்கினார், பத்தாவது தடவை சொல்வதற்குள் தோகிகோ போய்விட்டாள். வீடு உடைந்ததற்கு மட்டும் என் கணவர் என் பெண்கள் பன்னிரண்டு பேரையும் துரத்தினார், நான் போனதை அவர்களில் ஒருத்தியும் சொல்லவில்லை, நான் அவர்களுக்குக் காட்டிய நன்றி, கதவுக்குப் பின்னால் நின்று பேசாமல் இருந்தது. ஒரு மாதம் கழித்துக் குழந்தையைக் கொண்டுவந்து என் மடியில் போட்டார், உனக்குத்தான் பிள்ளை இல்லையே என்றார். என் வேண்டுதல் பலித்துவிட்டது.

ஹிசாகோ என்று பெயர் வைத்தோம், என் கூந்தலைக் கையில் சுற்றிக்கொண்டால்தான் தூங்குவாள், சுற்றி இழுப்பாள், வலிக்கும், இழுக்கட்டும் என்று இருப்பேன், நான் அவளை நேசித்தேனா என்று கேட்டால், முதலில் பயந்தேன், பிறகு எப்போது என்று தெரியவில்லை, அவளுக்குக் காய்ச்சல் என்றால் எனக்குச் சோறு இறங்காது என்று ஆகிவிட்டது. வளர வளர அதே கழுத்து, அதே நிதானம், சூத்திரம் எழுதச் சொன்னால் ஓரத்தில் தவளை வரைவாள், யாழ் நன்றாக வாசிப்பாள், கூந்தல் பதினான்கு வயதில் தரையைத் தொட்டுவிட்டது, நான்தான் தினமும் அரிசி கழுவிய தண்ணீர் விட்டுச் சீவுவேன், சீப்பு இறங்கும்போதெல்லாம் என் கை தோள்மட்டத்தில் ஒரு கணம் நின்றுவிடும். ஹிசாகோவின் பதினைந்தாவது வயதில் ஓமி படுக்கையில் விழுந்தாள், பொய்யோடு சாக முடியாது என்று என் கணவரை வரவழைத்துச் சொல்லிவிட்டாள், அம்மாள் சீலம் வாங்கவே இல்லை, அன்றைக்கு வந்த பெண்களில் எவளோதான் கூந்தலை வெட்டினாள், எவள் என்று அம்மாள் கடைசி வரை சொல்லவில்லை, நான் சாமான் அறைக்குள் கிடந்தேன், சீலம் இல்லாமல்தான் போனார்கள். அவர் வீட்டுக்கு வந்து நான்காம் நாள் ஆசாரியரை அழைத்தார், பெற்றவள் பதினைந்து வருடமாக இருட்டில் நடந்துகொண்டிருக்கிறாள், மகள் அவள் இடத்தில் துறவு பூண்டால் அந்தப் புண்ணியம் தாய்க்குப் போகும் என்று ஆசாரியர் சொன்னார், நாள் குறித்தார்கள். ஹிசாகோ அப்பா முன்னால் தலையை ஆட்டினாள், என் அறைக்கு வந்ததும் என் உடுப்பைக் கையால் கசக்கிக்கொண்டு, அம்மா, எனக்கு வேண்டாம், எனக்குக் கல்யாணம் வேண்டும், கூச்சல் போடுகிற பிள்ளைகள் வேண்டும், ஆனால் அவள் இருட்டில் நடக்கிறாள் என்கிறார்களே, நான் எப்படி மாட்டேன் என்பது என்றாள். தோகிகோ மூன்று முறை காப்பேன் என்று சொன்னது உலகத்தில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். அதைச் சொன்னால் இவள் கூந்தல் பிழைக்கும், என்னை அம்மா என்று கூப்பிடுவது அன்றோடு நின்றுபோகும். இருபது நாள் வாயைத் திறக்கவில்லை, நான் அவ்வளவு நல்லவள்.

அன்று காலை அவள் அப்பாவுக்கு ஒரு தடவை, எனக்கு ஒரு தடவை விழுந்து கும்பிட்டாள், கூந்தலை இரண்டாகப் பிரித்துக் காகித நாடாவால் கட்டியிருந்தார்கள், ஆசாரியர் கிழவராகிவிட்டார், என் பழைய சந்தனப் புத்தர் மாடத்தில், மூக்கு நுனி உடைந்திருக்கிறது, யாரும் ஏன் என்று கேட்டதில்லை, நான் வழக்கப்படி திரைக்குப் பின்னால், மடியில் அந்த வாசனைப்பெட்டி. உயிர்க்கொலை செய்யாதிருத்தல், இந்தச் சீலத்தைக் காப்பாயா என்று அவர் கேட்டார். ஹிசாகோ வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை, அலகு கூந்தலைக் கவ்வியது, நறநறவென்று முதல் இழை, அந்தச் சத்தத்தைக் கேட்டதும் நான் திரையைத் தள்ளிக் கவிழ்த்துக்கொண்டு வெளியே விழுந்தேன், கையை அலகுகளுக்கு நடுவே கொடுத்தேன், உள்ளங்கை பிளந்தது, ரத்தம் அவள் வெள்ளை உடுப்பில் தெறித்தது. நிறுத்துங்கள், அவள் தாய் சீலம் வாங்கினவள், நான் கொடுத்தேன் என்றேன். வாசனைப்பெட்டியைத் திறந்து அந்தக் கூந்தலை அவர்கள் நடுவில் போட்டேன், எல்லாவற்றையும் சொன்னேன், பானையிலிருந்து முழங்கால் வரை. என் கணவர் எழுந்து வந்து மடித்த விசிறியால் என் வாயில் அடித்தார், பல் ஆடியது, இன்னொரு தடவை அடித்தார், உதடு கிழிந்தது, ஆசாரியர் அவர் கையைப் பிடித்தார், பொறுங்கள், எனக்கு ஒன்று தெரிய வேண்டும் என்றார். புத்தர் அங்கே இருந்தாரா தாயே. இருந்தார், முகம் குப்புறக் கிடந்தார். எத்தனை முறை கேட்டீர்கள். மூன்று. அந்தப் பெண் தன் வாயால் பதில் சொன்னாளா. மூன்று முறையும் சொன்னாள், முதலில் பயந்து, பிறகு அழுது, மூன்றாவது தடவை மனதாரச் சொன்னாள், நீங்கள் காப்பீர்களா என்று என்னையும் கேட்டாள். கிழவர் வெகுநேரம் அந்த உடைந்த மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். குப்புற விழுந்தாலும் புத்தர் புத்தர்தான் என்றார், கேட்டது யார் என்பது பெரிதில்லை, சொன்னவள் சொல்லிவிட்டாள், அவள் துறவியாகத்தான் போனாள், இந்தப் பெண்ணின் தலையில் கைவைக்க எனக்கு இனிக் காரணம் இல்லை.

ஹிசாகோ அதுவரை அசையவில்லை, தரையில் கிடந்த தாயின் கூந்தலை எடுத்துத் தன் கூந்தலோடு சேர்த்து வைத்துப் பார்த்தாள், நீளம் ஏறக்குறைய ஒன்றுதான், பிறகு எழுந்தாள், ஆசாரியர் மடியிலிருந்த கத்தரிக்கோலை எடுத்தாள், யாரும் தடுக்கவில்லை, என் பின்னால் வந்து நின்றாள், சின்ன வயதில் தூங்குவதற்காகச் சுற்றிக்கொண்ட அதே கையில் என் கூந்தலை ஒரு சுற்று, இரண்டு சுற்று சுற்றினாள், இழுத்தாள், கழுத்து பின்னுக்கு வளைந்தது, உத்தரம் தெரிந்தது, அவள் முகம் தலைகீழாகத் தெரிந்தது. உயிர்க்கொலை செய்யாதிருத்தல், காப்பீர்களா என்றாள், அம்மா என்று சொல்லவில்லை. காப்பேன் என்றேன். வெட்டினாள். காப்பீர்களா. காப்பேன், ரத்தம் வாய்க்குள் இருந்ததால் சரியாக வரவில்லை, வெட்டினாள், அலகு நுனி கழுத்தில் இறங்கியது, சூடாக வழிந்தது, மூன்றாம் முறை கேட்டாள், காப்பீர்களா, அப்போது எனக்குத் தோகிகோவின் முகம் தெரிந்தது, நான் கழுத்தைத் திருப்ப முடிந்த அளவு திருப்பி அவளைப் போலவே நிதானமாகச் சொல்ல வேண்டும் என்று மூச்சை இழுத்தேன், அதற்குள் ஹிசாகோ கத்தரிக்கோலை மூடிவிட்டாள், ஈர வைக்கோல் சத்தம், கூந்தல் பாரம் சட்டென்று போய்விட்டது, அவள் இரண்டு கூந்தல்களில் தாயுடையதை மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள், என்னுடையது கிடந்தது. அவளுக்குக் கல்யாணமாகி நான்கு வருடம், கூச்சல் போடுகிற பிள்ளைகள் இரண்டு என்று கேள்விப்பட்டேன், ஒரு தடவையும் இந்த மலைக்கு வந்ததில்லை, வர வேண்டாம். இரண்டு முறை சொன்னால் அது துறவாகுமா என்று ஆசாரியரிடம் கேட்க எனக்குத் தைரியம் இல்லை, அவரும் போய்விட்டார். மணி நின்றுவிட்டது, கிழவிகள் எழுந்து கஞ்சிக்குப் போகிறார்கள், நான் உட்கார்ந்திருக்கிறேன், இரண்டு அலகுகளுக்கும் நடுவில் கூந்தல் நெரிபடுகிறது, இந்தத் தடவை அது என்னுடையது, கழுத்தும் என்னுடையது, மூன்றாவது காப்பேன் இன்னும் வாய்க்குள்ளேயே இருக்கிறது, கேட்டவள் போய்விட்டாள்.